மலைநீரில் தூண்டில்: கேமரன் மலையும் வழிகாட்டியுடன் மீன்பிடிக்கும் தொழிலும்

சிறு குழுவொன்றைக் கட்டணம் பெற்று அழைத்துச் சென்று, மீன் நிற்கும் இடத்தையும் அது இரை எடுக்கும் வேளையையும் காட்டி, தூண்டிலும் இரையும் வேண்டுமானால் படகும் தானே தந்து, வந்தவர்கள் தம் கையாலேயே மீன் பிடிக்கும்படி செய்யும் தொழில், மீன்பிடித் தொழிலோடும் சுற்றுலாத் தொழிலோடும் உறவுடையதாயினும் இரண்டிலும் முழுமையாக அடங்காதது. மீனவர் மீனை விற்கிறார். மீன்பிடி வழிகாட்டியோ ஒரு நீர்நிலையைப் பற்றித் தமக்குள் பல ஆண்டுகளாகச் சேர்ந்த அறிவை விற்கிறார். அதனால் வந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினாலும் அவருக்குக் கூலி உண்டு. நீர்நிலை கெட்டுவிட்டால் அவரிடம் விற்பதற்கு எதுவும் மிஞ்சாது. மலேசியாவின் பகாங் மாநிலத்தில் இத்தொழில் கடலோரத்தில் செழித்து, அதே மாநிலத்தின் மேற்கு மூலையிலுள்ள கேமரன் மலையில் வேர்பிடிக்காமலே இருப்பது ஏன் என்பதும், மலையில் அது நிலைபெற வேண்டுமானால் எவை முதலில் நடக்க வேண்டும் என்பதும் இங்கே ஆராயப்படுகின்றன.

கடலோரத்து வடிவத்திற்குப் பகாங்கிலேயே உள்ள சிறந்த சான்று கோலா ரொம்பின் ஆகும். தென்சீனக் கடலின் ஆழமற்ற நீர்ப்பரப்பில் நெத்திலி போன்ற சிறுமீன் கூட்டங்களைத் தேடி வரும் மயில்மீன்கள், அதாவது முதுகில் பாய்போல விரியும் துடுப்பும் ஈட்டிபோல நீண்ட மூக்கும் உடைய பெருமீன்கள், அங்கே கரையிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் கூடுகின்றன. படகை நடத்தும் தெக்கோங், அதாவது மலேசியக் கடலோரங்களில் இப்பெயரால் அழைக்கப்படும் படகுத் தலைவர், கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தைக் கொண்டு சிறுமீன் கூட்டத்தையும், அதைக் கொண்டு மயில்மீனையும் கண்டறிகிறார். ஒரு படகில் பெரும்பாலும் நான்கு பேருக்கு மேல் ஏற்றப்படுவதில்லை. உயிருள்ள இரை, மீனின் வாய்மூலையில் மட்டுமே சிக்கும்படி உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் முள், பிடித்த மீனைப் படகின் ஓரத்திலேயே விடுவித்தல் ஆகியவை அங்கே பழக்கமாகிவிட்டன. வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்யும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் தொழில் தானாகவே ஓய்கிறது. இந்த ஓய்வைப் படகுக்காரர்கள் நட்டமாகக் கருதுவது இயல்பே எனினும், மனிதர் எவரும் விதிக்காத இந்த விடுமுறை மீனுக்குக் கிடைத்த பாதுகாப்பாகவும் அமைந்திருக்கிறது.

இதே மாநிலத்தின் மறுகோடியில், தித்திவாங்சா மலைத்தொடரின் மேல், ஏறக்குறைய 712 சதுர கிலோமீட்டர் பரப்பில் கேமரன் மலை மாவட்டம் அமைந்திருக்கிறது. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இப்பகுதியைக் கண்டு குறித்தாலும், மலைவாழிடமாக அதை வளர்க்கும் முயற்சி 1925க்குப் பின்னரே தொடங்கியது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. கங்காணி முறையில், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர் ஒருவரே தம் ஊருக்குச் சென்று ஆள் திரட்டி வரும் முறையில், தமிழகத்திலிருந்து மலாயாவுக்குத் தொழிலாளர் வந்துகொண்டிருந்த காலத்தின் கடைசிப் பத்தாண்டு அது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரைச் செலவு கொடுத்து அழைத்துச் செல்வதைத் தடைசெய்ததோடு அவ்வழி அடைபட்டது. ஹாபு, சுங்கை பாலாஸ் ஆகிய இடங்களின் சரிவுகளில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்களுள் பெரும்பகுதியினர் அந்தக் கடைசி அலையில் வந்தவர்களும் சமவெளி ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மலையேறியவர்களுமான தமிழர்களே ஆவர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே அந்த ஆறுகளின் கரையில் வாழ்ந்துவந்தவர்கள் செமாய் இனத்தைச் சேர்ந்த பூர்வகுடியினர்.

தேயிலை மலைகளில் தூண்டில் விளையாட்டு புதிதன்று. நீலகிரியில் 1879ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பலமுறை தோற்ற பின், 1907ஐ ஒட்டி எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் டிரௌட் எனப்படும் குளிர்நீர் மீன் அங்கே நிலைபெற்று, அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. இலங்கையின் நுவரெலியாவில் 1880களிலும், மூணாற்றில் பின்னரும் இதே முயற்சி நடந்தது. இவை யாவற்றிலும் பொதுவான குறையொன்று உண்டு. துரைமாரின் பொழுதுபோக்குக்காகத் தொலைநாட்டு மீன் கொண்டுவரப்பட்டது. அந்த நீரில் ஏற்கெனவே இருந்த மீனைப் பற்றியும், அதை உண்டு வாழ்ந்த மக்களைப் பற்றியும் எவரும் பொருட்படுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. கேமரன் மலையில் அத்தகைய தூண்டில் மரபு வேரூன்றவில்லை. அதை இழப்பாகக் கருத வேண்டியதில்லை. நாட்டு மீனைக் கொண்டே புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு அந்த மலைக்கு மிஞ்சியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அந்த நாட்டு மீன்களுள் தலையாயது கெலா. காவிரியில் வாழும் மாசீர் மீனின் நெருங்கிய உறவான இது, கைவிரல் நகத்தைவிடப் பெரிய பொன்னிறச் செதில்களும் வாயோரத்தில் மீசைபோன்ற உணரிழைகளும் உடையது. காட்டு மரங்களிலிருந்து ஆற்றில் உதிரும் பழங்களை விரும்பி உண்பது. மலேசியத் தூண்டில்காரர்கள் செம்பனைப் பழத்தை இரையாகக் கோப்பது இதனால்தான். தெங்காஸ் என்னும் மீனும் இதே வகைத் தெளிந்த மலைநீரை நாடுவது. கெலா மெதுவாக வளர்வது, இனப்பெருக்கத்திற்குச் சிற்றோடைகளின் மேற்பகுதியை நாடிச் செல்வது, கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடுவது. இம்மூன்று இயல்புகளும் அதை எளிதில் அழியக்கூடியதாக ஆக்குகின்றன: பெரிய மீனொன்றைக் கொன்றால் அதன் இடத்தை இன்னொன்று நிரப்பப் பல்லாண்டுகள் ஆகும், அணை குறுக்கிட்டால் அது மேலேற முடியாது, கூழாங்கற்களின் இடைவெளியைச் சேறு அடைத்துவிட்டால் முட்டைகளுக்குக் காற்றுக் கலந்த நீர் கிட்டாமல் அவை அழிந்துபோகும்.

கேமரன் மலையின் ஆறுகளில் அணையும் சேறும் ஒருங்கே நேர்ந்திருக்கின்றன. மாவட்டத்தின் நீர் பெர்த்தாம், தெலோம், லெமோய் என்னும் மூன்று ஆறுகளில் வடிந்து, இயற்கையான போக்கில் கிழக்கே ஜெலாய் ஆற்றிலும் அதன்வழிப் பகாங் ஆற்றிலும் கலக்க வேண்டியது. 1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டபோது இந்தப் போக்கு மாற்றப்பட்டது. தெலோமின் மேற்பகுதி நீர் சுரங்கத்தின் வழியே பெர்த்தாமில் சேர்க்கப்பட்டு, இரண்டும் ரிங்லெட் ஏரியில் தேங்கி, அங்கிருந்து மற்றொரு சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்துக்கொண்டு மேற்கே பேராக் மாநிலத்தில் உள்ள மின்நிலையத்திற்கு இறங்குகின்றன. கிழக்குக் கடலுக்குரிய நீர் மேற்குக் கடலுக்குப் போவது பொறியியலின் சாதனை என்பதில் ஐயமில்லை. 2016இல் இயங்கத் தொடங்கிய 372 மெகாவாட் உலு ஜெலாய் மின்திட்டம், பெர்த்தாமின் கீழ்ப்பகுதியில் சூசு அணையை எழுப்பி, தெலோம், லெமோய் ஆறுகளின் நீரையும் சுரங்கங்களால் அங்கே திருப்பியது. ஆகவே இந்த ஆறுகளில் எந்த வேளையில் எவ்வளவு நீர் ஓடும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை.

சேறு எங்கிருந்து வருகிறது என்பது நெடுநாள் விவாதம். 1950களில், மின்திட்டம் வரைவு நிலையில் இருந்தபோதே, ஆற்று நீரில் மிதந்துவரும் மண்ணை அளந்தவர்கள் காடு நின்ற தெலோம் வடிநிலத்தைவிடக் காடழித்த வடிநிலங்களில் மண் மிகுதியாகக் கரைவதைக் கண்டிருந்தனர். ஆயினும் காடழித்த நிலமெல்லாம் ஒரே வகையாக மண்ணை இழப்பதில்லை. தேயிலைச் செடிகள் வளர்ந்து அவற்றின் தலைகள் ஒன்றோடொன்று கூடிவிட்டால், மழைத்துளி நேரே மண்ணில் அறைவதில்லை. கவாத்தின்போது வெட்டிய கிளைகளை வரிசைகளுக்கிடையே விட்டுவைத்தால் அவையும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக நட்ட முதல் சில ஆண்டுகளிலும் கவாத்துக்குப் பிந்திய மாதங்களிலும் மட்டுமே தேயிலைச் சரிவு பெருமழைக்கு அஞ்சுகிறது. காய்கறித் தோட்டமோ ஆண்டில் பலமுறை மண்ணைக் கிளறித் திறந்து வைக்கிறது. அதன் மேல் போடப்படும் நெகிழித்தாள் கூரைகள் பயிரைக் காத்தாலும், விழும் மழை முழுவதையும் ஒரே பாய்ச்சலாக ஓடையில் தள்ளுகின்றன. கோழி எருவும் பூச்சிமருந்தும் அதனோடு சேர்கின்றன. ரிங்லெட் ஏரி தன் கொள்ளளவில் பெரும்பகுதியை வண்டலுக்கு இழந்து, மின்வாரியம் ஓயாமல் தூர்வாரிக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே. தேயிலைத் தோட்டங்களைக் குற்றமற்றவையாகக் காட்டுவது இங்கே நோக்கமன்று. அவையும் காட்டை அழித்தே தோன்றியவை. எனினும் நூற்றாண்டை நெருங்கும் ஒரு தேயிலைச் சரிவும் நேற்றுப் புல்டோசர் இறங்கிய ஒரு சரிவும் ஆற்றுக்குச் செய்யும் தீங்கு ஒன்றெனச் சொல்லுதல் உண்மைக்குப் புறம்பானது.

இந்த நிலையில் ரிங்லெட் ஏரிக்கரையில் தூண்டில் போடுவோருக்குக் கிடைப்பவை திலாப்பியாவும் கெண்டையும் போன்ற, கலங்கலைப் பொறுத்துக்கொள்ளும் வெளிநாட்டு மீன்களே. மாலைப் பொழுதைக் கழிக்க அது போதும். தொலைவிலிருந்து கட்டணம் கொடுத்து வருவோருக்கு வழிகாட்டி காட்டத்தக்க அரிய நீர் அதுவன்று. கோலா ரொம்பினுக்கும் கேமரன் மலைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படுகிறது. கடல் தெக்கோங் தம் நீரின் மேற்புறத்தில் யார் என்ன செய்கிறார் என்று கவலைப்படாமல் நெடுங்காலம் தொழில் செய்துவிடலாம். மலை வழிகாட்டிக்கு அது இயலாது. அவருடைய மீனின் கதி, அவர் ஒருபோதும் சந்திக்காத காய்கறித் தோட்டக்காரரின் வடிகாலில் தீர்மானிக்கப்படுகிறது.

அப்படியானால் வழிகாட்டியாக வேண்டியவர் யார்? மலேசியாவின் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழிற்சட்டப்படி வழிகாட்டிக்கு உரிமம் வேண்டும். குறிப்பிட்ட இயற்கைப் பகுதியொன்றுக்கு மட்டும் உரிய இயற்கை வழிகாட்டிகளுக்குப் பச்சை அடையாளவில்லை வழங்கப்படுகிறது. இன்று கேமரன் மலையில் சிறு குழுக்களை நடத்திச் செல்லும் தொழில் பெரும்பாலும் லேண்ட்ரோவர் வண்டிகளை நம்பியிருக்கிறது: ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு தேயிலைச் சரிவுகளைக் காட்டி, 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டுக்குக் கொண்டு சென்று இறக்குவது வழக்கம். அந்த வண்டிகளை ஓட்டுவோரில் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த தமிழர் பலர் உண்டு. கொழுந்து பறிக்கும் வேலை வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களிடம் பெரும்பாலும் கைமாறிவிட்ட பின், தோட்டத் தமிழரின் அடுத்த தலைமுறைக்கு மலையோடு உள்ள தொழில் உறவாக இந்த வண்டியோட்டமும் வழிகாட்டலும் எஞ்சியிருக்கின்றன. சரிவையும் சாலையையும் அறிந்தவர்கள் அவர்கள். ஆற்றை அறிந்தவர்கள் செமாய் மக்கள். மூங்கிலால் பின்னிய பூபு என்னும் மீன்பொறியை எந்த மடுவில் எந்த மாதத்தில் வைப்பது, மழை எந்தக் குன்றில் பெய்தால் எந்த ஓடை எத்தனை நாழிகையில் சிவக்கும் என்பவை அவர்களுக்குப் பாடமாக இருக்கும் செய்திகள். மலைச்சாலை முடியும் இடம் வரை ஒருவரும், அங்கிருந்து ஆற்றுவழியே மற்றவருமாக இவ்விருவரும் சேர்ந்து நடத்தும் சிறு குழுப் பயணமே கேமரன் மலைக்கு இயல்பானது; செமாய் மக்களைச் சுமை தூக்குவோராக மட்டும் வைத்துக்கொண்டு நகரத்து நிறுவனம் ஒன்று நடத்தும் பயணம், நீலகிரித் துரைமாரின் பழைய பிழையை வேறு உடையில் மீண்டும் செய்வதாகவே முடியும்.

இத்தொழிலின் நன்மையும் ஆபத்தும் சேர்ந்து வெளிப்பட்ட இடம் காவிரி. 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மாசீர் பிடிபட்டதன் புகழ் உலகெங்கும் பரவிய பின், காவிரி தூண்டில்காரர்களின் கனவாயிற்று. 1972இல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவலிட்டது. கர்நாடக அரசின் சுற்றுலா நிறுவனம் பீமேசுவரி, கலிபோர் ஆகிய இடங்களில் முகாம்கள் அமைத்தது. முன்பு வெடிவைத்து மீன் பிடித்த ஊர்க்காரர்கள் பரிசல் ஓட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர்; பிடித்த மீன் எடைபார்க்கப்பட்டு, பதிவேட்டில் எழுதப்பட்டு, ஆற்றிலேயே விடப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயங்களுக்குள் தூண்டில் விளையாட்டும் வேட்டையே என்று கொள்ளப்பட்டதால், 2010களின் தொடக்கத்தில் அம்முகாம்களில் மீன்பிடித்தல் நின்றது. வழிகாட்டிகள் வேலை இழந்தனர், காவல் தளர்ந்தது. சட்டத்தின் சொல்லுக்கு அது பொருந்தியதாயினும், ஆற்றுக்கு அது நன்மை செய்ததா என்ற கேள்விக்கு ஆம் என்று விடை சொல்வது கடினம்.

அந்தப் பதிவேடுகள் பின்னர் வேறொரு உண்மையையும் வெளிப்படுத்தின. 1998 முதல் 2012 வரை கலிபோர் முகாமில் பிடிபட்ட மீன்களின் கணக்கை ஆராய்ந்தவர்கள், மொத்த எண்ணிக்கை பெருகிக்கொண்டிருந்தபோதே, காவிரிக்கே உரிய கூன்முதுகு மாசீர் அருகிக்கொண்டு வந்ததையும், அதன் இடத்தை வேற்று நீலத்துடுப்பு மாசீர் கைப்பற்றிக்கொண்டதையும் கண்டனர். மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் பொரிக்கப்பட்ட குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு பல ஆறுகளில் விட்டதன் விளைவு அது. கூன்முதுகு மாசீருக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. வழிகாட்டியின் கைப்பதிவேடு இல்லாமற்போயிருந்தால் இந்த இழப்பு நேர்ந்த கதையைச் சொல்லும் ஆண்டுவாரிச் சான்று எங்கும் இருந்திருக்காது. கேமரன் மலை இதிலிருந்து உடனே கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு: மீன் குறைந்துவிட்டது என்பதற்காக எங்கோ பொரித்த கெலாக் குஞ்சுகளைத் தெலோமிலோ லெமோயிலோ கொட்டும் விழா நடத்தலாகாது.

மலேசியாவிலேயே பின்பற்றத்தக்க முன்மாதிரிகள் உள்ளன. சபா மாநிலத்தின் தகால் முறையில், ஆற்றோர ஊரார் தம் ஆற்றைப் பகுதிகளாகப் பிரித்து, சிவப்புப் பகுதியில் என்றுமே மீன் பிடிக்காமலும், மஞ்சள் பகுதியில் குறித்த காலத்தில் மட்டும் கூடிப் பிடித்தும், பச்சைப் பகுதியை அன்றாடத் தேவைக்குத் திறந்துவிட்டும் காக்கின்றனர்; 2003ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இதற்கு ஏற்பளித்தது. தெரெங்கானுவின் கெஞ்ஞீர் ஏரியை ஒட்டிய பெத்தாங் ஆற்றிலும், பகாங்கின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் லுபோக் தெனோர் மடுவிலும் கெலா காப்பிடங்கள் உள்ளன. அங்கே செல்வோர் தூண்டில் இல்லாமலே, கைக்கெட்டும் தொலைவில் மீனைக் காணவும் தீனியிடவும் செய்கின்றனர். உள்நாட்டு நீர்நிலைகளின் மீன்வளம் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி மாநில அரசின் ஆட்சிக்குரியது. ஆகவே செமாய் ஊரொன்றின் மடுவைக் காப்பிடமாக அறிவிக்கும் அதிகாரத்தைப் பகாங் அரசு வேறெங்கும் தேடவேண்டியதில்லை. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதை அதே சட்டம் முன்பே தடைசெய்துள்ளது; காட்டுக்குள் அதைக் காக்க ஆளில்லாததே குறை.

அணைகளுக்குக் கீழே நடக்கும் எந்தப் பயணத்திலும் மீனுக்கு முன்னால் உயிரை எண்ண வேண்டும். 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலை இருட்டில், பெருமழையால் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கின் குடியிருப்புகளில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஏரியின் கொள்ளளவை வண்டல் விழுங்கியிருந்ததும், ஆற்றின் வழியைக் கட்டடங்களும் குப்பையும் நெருக்கியிருந்ததும் அந்த இரவைக் கொடிதாக்கின. வானம் தெளிந்திருக்கும்போதும் ஆறு திடீரென உயரக்கூடிய அவ்விடத்தில், எச்சரிக்கைச் சங்கின் பொருளை அறியாத வெளியூர்க்காரர் ஆற்றின் நடுப்பாறையில் தூண்டிலோடு நிற்பதை நினைத்துப் பார்த்தால், உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி வேண்டும் என்பது சடங்கான விதியாகத் தோன்றாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மலையில் மழை மிகும் காலத்தில் மீன்பிடிப் பயணங்களை முழுமையாக நிறுத்திவிடுவதே தகும். கோலா ரொம்பினுக்குப் பருவக்காற்று தரும் ஓய்வை இங்கே விதியால் தர வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்குகையில், கேமரன் மலையில் இத்தொழிலை ரிங்லெட் ஏரியில் படகு வாங்கி விட்டுத் தொடங்குவது வீண் செலவாகவே முடியும். காடு இன்னும் நிற்கும் தெலோம், லெமோய் ஆறுகளின் பகுதிகளில், அங்குள்ள செமாய் ஊர்களின் இசைவோடும் அவர்களே உரிமத்தின் முதல் உரிமையாளராகவும், ஒரு நாளில் ஒரு குழு, ஒரு குழுவில் நான்கு பேர் என்ற அளவில், ஒவ்வொரு மீனையும் பதிவேட்டில் எழுதும் கட்டாயத்தோடு தொடங்குவதே முறை. காய்கறித் தோட்டங்களின் வடிகால்கள் தம் சேற்றை வண்டல் குட்டைகளில் இறக்கிய பின்னரே ஆற்றைச் சேர வேண்டும் என்ற விதி, மீன்பிடி உரிமம் வழங்கப்படுவதற்கு முன்னரே நடைமுறைக்கு வர வேண்டும். 2019 சனவரியில் நடந்த இடைத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதி, மலேசிய வரலாற்றில் முதன்முறையாகப் பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவரை நாடாளுமன்றத்தின் மக்களவைக்குத் தேர்ந்து அனுப்பியது; அதற்கு முன்னர் தமிழர்கள் அத்தொகுதியின் உறுப்பினர்களாக இருந்துள்ளனர். ஆற்றையும் சரிவையும் அறிந்த இந்த இரு மக்களும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, தெலோமின் ஒரு மடுவையேனும் காப்பிடமாக அறிவிக்கும்படி பகாங் அரசைக் கேட்க வேண்டும்.